ஏறி வரும் வண்டிக்கு வழி

அக்கா காரில் ஏறுவதற்கு முன் செருப்பைக் கழற்றிவிட்டார். அவர் என் கூடப்பிறந்தவர் இல்லை, தோட்டத்தில் கொழுந்து பறிக்கிறவர்; அன்று எங்கள் இருவருக்கும் கார் பழகும் முதல் நாள். ஹட்டனில் எங்களுக்குக் கார் பழக்கிய மாஸ்டர் கொத்மலைப் பக்கத்துச் சிங்களவர். தமிழை எங்களைவிட வேகமாகப் பேசுவார். கோபம் வந்தால் மட்டும் சிங்களத்துக்குப் போய்விடுவார். அன்று தமிழில்தான் கேட்டார்.

"என்ன அக்கா, இது என்ன கோயிலா?"

"இல்லீங்க மாஸ்டர். செருப்புல சேறு ஒட்டியிருக்கு. வண்டி அழுக்காயிரும்."

அரை மணி நேரம் சுற்றிவிட்டு அதே இடத்துக்கு வந்தோம். செருப்பைக் காணவில்லை. யாரோ எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள் என்று நான் நினைத்தேன். அக்கா நேரே போய், ரோட்டை விட்டு நாலு முழம் தள்ளி, ஒரு தேயிலைச் செடியின் அடியிலிருந்து அதை எடுத்து மாட்டிக்கொண்டார். நடந்து போகிறவர்கள் காலில் தட்டக்கூடாது என்று செருப்பைக்கூட ஒதுக்கி வைத்துவிட்டுத்தான் ஏறியிருக்கிறார்.

அதுதான் அக்கா. ஒதுங்குகிறவர். பஸ்ஸில் இடம் கிடைத்தால் அடுத்த ஆள் ஏறும் வரைக்கும்தான் உட்கார்ந்திருப்பார். டிஸ்பென்சரியில் நம்பர் ஏழு கிடைத்தால் பதினேழாவதாக உள்ளே போவார். ஒடுக்கமான நடையில் எதிரே யாராவது வந்தால் சுவரோடு முதுகை ஒட்டிக்கொண்டு, "நீங்க போங்க, எனக்கு என்ன அவசரம்" என்பார். அதை அவர் வருத்தத்தோடு சொன்னதில்லை. எச்சில் விழுங்குகிற மாதிரி, தன்னையறியாமல் வரும்.

எனக்கு நேர்மாறான சுபாவம். ஜன்னல் வழியாகப் பையைப் போட்டு சீட் பிடிக்கிற ஆள் நான். தோட்டப் பாடசாலையில் ஆசிரியை, தோட்டக் கிளாக்கரின் மகள். அதனால் அக்கா ஒவ்வொரு தடவை ஒதுங்கும்போதும் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். இந்த மனுஷிக்கு எதற்குக் கார் என்று மனதுக்குள் கேட்டுக்கொள்வேன்.

எதற்கென்று எனக்குத் தெரியாமலும் இல்லை. அவருடைய புருஷன் சின்ன வேன் ஒன்று வைத்து, தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்துப் பிள்ளைகள் எட்டுப் பேரைப் பள்ளிக்கூடத்துக்கு ஏற்றி இறக்கிக்கொண்டிருந்தார். அவருக்கு நீரிழிவு, சீனி வருத்தம், கண்ணில் இறங்கிவிட்டது. இனி ஓட்டக்கூடாது என்று டாக்டர் சொன்ன நாளிலிருந்து வேன் கோயிலடியில் தார்ப்பாய்ப் படங்கு போர்த்திக்கொண்டு நின்றது. எட்டுப் பிள்ளைகளும் நடந்தார்கள். மழை நாளில் சின்னவர்கள் வருவதில்லை. அந்த எட்டில் இரண்டு பேர் என் ஐந்தாம் வகுப்பில். இன்னொருத்தி அக்காவின் மகள், ஓ.எல். என்கிற பதினோராம் வகுப்புப் பரீட்சை எடுக்கிற வருஷம். நாலு மைல் நடந்து நனைந்து வந்து உட்காருகிற பிள்ளை பாடத்தைக் கேட்குமா, தூங்குமா? அந்த வேன் மறுபடி உருள வேண்டுமானால் அக்காவுக்கு லைசன் வேண்டும். வேறு வழியில்லை.

ஒரே காரில் இரண்டு பேரைப் போட்டுப் பழக்குவது மாஸ்டரின் வழக்கம். ஒருவர் ஓட்ட, மற்றவர் பின்சீட்டில் இருந்து பார்க்க வேண்டும். ஆகவே அக்காவை நான் அதிகம் பார்த்தது பின்னாலிருந்துதான். ஆள் சிறிய உருவம். சாக்கை நாலாக மடித்துப் போட்டு அதன்மேல் உட்காருவார். வெள்ளை உறை போட்ட ஸ்டியரிங்கில் கொழுந்துக் கறை ஏறிய கறுத்த விரல்கள் பத்தும் தெரியும். பதினாறு வயதிலிருந்து கொழுந்து பறிக்கிற கை.

ஓட்டத் தெரியாதவர் என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். வெறுங்காலால் கிளட்சை அவர் விடுகிற அழகே தனி. ஏற்றத்தில் வண்டியை நிறுத்தி, பின்னுக்கு ஒரு அங்குலம் உருளாமல் எடுப்பது எங்கள் ஊரில் பெரிய கண்டம். நான் மூன்று வாரம் பட்டபாடு மாஸ்டருக்குத்தான் தெரியும். அக்கா இரண்டாம் நாளே எடுத்துவிட்டார்.

"எப்புடிக்கா?" என்று கேட்டேன்.

"மலையில கூடையோட நிக்கிறப்ப பெருவிரல ஊன்றுவோம்ல டீச்சர், அதே மாதிரிதான். வழுக்கப் போகுதுன்னு காலுக்கு முன்னாடியே தெரிஞ்சிரும்."

எழுத்துப் பரீட்சையும் முதல் தடவையிலேயே தேறினார். எட்டாம் வகுப்போடு நின்றவர். வீதிக் குறியீடுகளை எல்லாம் மகளைக் கொண்டு வரைவித்து, லயத்துக் காம்பராவின் சுவரில் சாமிப் படங்களுக்குக் கீழே ஒட்டி வைத்திருந்தார். விளக்கு வைத்துக் கும்பிட்ட பிறகு அதையும் ஒரு தடவை ஒப்புவிப்பாராம்.

ட்ரயல், அதாவது ரோட்டில் ஓட்டிக் காட்டுகிற பரீட்சைதான் அவருக்கு வினையாக வந்தது.

முதல் ட்ரயலுக்கு இரண்டு பேரும் ஒன்றாகத்தான் போனோம். நான் முதலில் ஓட்டித் தேறினேன். தேறிய சந்தோஷத்தில் கடலை வாங்கித் தின்றுகொண்டு அக்காவுக்காகக் காத்திருந்தேன். கார் வரவில்லை. மாஸ்டர் சிங்களத்தில் ஏதோ முணுமுணுத்துக்கொண்டு நடக்கத் தொடங்கினார். நானும் பின்னால் போனேன். ஒரு வளைவுக்கு அப்பால், இடப்பக்கச் சில்லுகள் இரண்டும் கானுக்குள் இறங்கி, கார் சாய்ந்துபோய் நின்றது. கான் என்பது ரோட்டோரமாக மழைத் தண்ணீர் ஓட வெட்டிய வாய்க்கால். பரீட்சகர் ரோட்டில் நின்றார். அக்கா கானுக்குள் நின்றார், வெறுங்காலோடு.

நடந்தது இவ்வளவுதான். பின்னால் துரையின், அதாவது தோட்டத்து மேனேஜரின், ஜீப் வந்திருக்கிறது. இப்போது அது ஜீப் அல்ல, நாலு கதவுள்ள பெரிய பிக்கப், டபள் கெப். ஆனாலும் எங்கள் பக்கத்தில் அதற்குப் பெயர் துரை ஜீப்தான். அது ஹார்ன் அடித்திருக்கிறது. அடுத்த கணம் அக்கா பரீட்சகரோடு சேர்த்துக் காரைக் கானுக்குள் ஒதுக்கிவிட்டார்.

நாலு பேர் சேர்ந்து தூக்கிவிட்டோம். மறுநாள் பாடசாலையில் இந்தக் கதையை நான் நடித்தே காட்டினேன். ஆசிரியர் அறையே விழுந்து விழுந்து சிரித்தது. நானும் சிரித்தேன். அந்தச் சிரிப்பை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு வெட்கமாக இருக்கிறது.

இரண்டாவது ட்ரயலில் கானுக்குள் இறங்கவில்லை. சந்தியில் போய் நின்றார். ஒரு பஸ்ஸுக்கு வழி விட்டார். லொறிக்கு விட்டார். மோட்டார் சைக்கிளுக்கு விட்டார். கடைசியில், பாட்டுப் போட்டுக்கொண்டு பாண் ரொட்டி விற்கிற த்ரீவீல் ஆட்டோ தூரத்தில் ஆடி ஆடி வந்தது. அதற்கும் நின்றார். அது சந்தியிலேயே நிறுத்தி இரண்டு வீட்டுக்குப் பாண் விற்றுவிட்டுப் போகும் வரைக்கும் நின்றார். பரீட்சகர் ஃபைலை மூடிவிட்டார்.

"அடுத்த தடவையும் போனா லேனர்ஸ் பர்மிட் காலம் முடிஞ்சிரும் அக்கா," என்றார் மாஸ்டர். "மறுபடி முதல்ல இருந்து. எழுத்துப் பரீட்சை, எல்லாம். அடுத்த வருஷம்தான்."

அக்கா தலையை ஆட்டினார். அழவில்லை. மகளின் பரீட்சைக்கு அடுத்த வருஷம் என்று ஒன்று இல்லை என்பது எங்கள் மூன்று பேருக்கும் தெரியும்.

அந்த வாரம் நல்ல மழை. என் வகுப்பில் இரண்டு மேசை காலியாக இருந்தது. அதைப் பார்த்துக்கொண்டே பாடம் நடத்த என்னால் முடியவில்லை. ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் அக்காவின் லயத்துக்குப் போனேன். எனக்குத்தான் லைசன் இருக்கிறதே, வேனில் பக்கத்தில் இருந்து ஓட்டவைக்கிறேன் என்றேன். என் ஓட்டத்தின் லட்சணம் எனக்குத் தெரியும், இருந்தாலும் சொன்னேன்.

அக்காவின் புருஷன் வேனின் படங்கை உருவிக்கொண்டே சிரித்தார். தினமும் காலையில் அவர் டிரைவர் சீட்டில் ஏறி என்ஜினை மட்டும் போட்டு, ஐந்து நிமிஷம் உறுமவிட்டு அணைப்பாராம், பெட்டரி செத்துவிடக் கூடாதென்று.

"இவளப் பத்தி உங்களுக்குத் தெரியாது டீச்சர். கோயிலுக்குப் போனா பின்னால வர்றவுங்க எல்லாத்தையும் முன்னுக்கு விட்டுட்டு, தீபம் அணைஞ்ச பொறகுதான் இவ சாமியப் பாப்பா. துரை ஜீப்புக்கா ஒதுங்க மாட்டா?"

"சாமி எங்கயும் போயிராது," என்றார் அக்கா.

மூன்று ஞாயிறு தோட்டத்து ரோட்டில் போனோம். மகளும் பின்சீட்டில் ஏறிக்கொள்வாள், மடியில் விஞ்ஞானப் புத்தகத்தோடு. வீட்டில் சத்தம், வேனில்தான் படிக்க முடிகிறது என்பாள். மூன்றாவது ஞாயிறு ஃபெக்டரியைத் தாண்டி ஏறும்போது பின்னால் அந்த ஹார்ன் கேட்டது. நான் வாயைத் திறப்பதற்குள் ஸ்டியரிங் இடப்பக்கம் திரும்பியது. முன் சில்லு கானுக்குள் இறங்கி, வேன் ஒரு குலுக்குக் குலுக்கி நின்றது. பின்னால் மகளின் தலை கண்ணாடியில் மோதிய சத்தம் கேட்டது. துரை ஜீப் எங்களைத் தாண்டிப் போனது. அதற்கு வேண்டிய இடம் ரோட்டில் ஏற்கெனவே தாராளமாக இருந்தது.

"ஏன்க்கா?" நான் கத்தியேவிட்டேன். "அவ்வளவு எடம் இருக்கு! ஏன்?"

அக்கா ஸ்டியரிங்கைப் பிடித்தபடியே இருந்தார்.

"எனக்குத் தெரியுது டீச்சர். கைக்குத் தெரிய மாட்டேங்குது."

பிறகு மெதுவாகச் சொன்னார். சின்ன வயதில் புதுச் செருப்பு ஒன்று வாங்கிக் கொடுத்தார்களாம். அதைப் பார்த்துக்கொண்டே நடு ரோட்டில் நடந்திருக்கிறார். ஜீப் வந்தது தெரியவில்லை. ஹார்ன் அடித்தும் விளங்கவில்லை. துரை பிரேக் போட்டு நிறுத்த வேண்டியதாகிவிட்டது.

"அப்பாவக் கூப்பிட்டு ஆபிஸ் வாசல்ல நிப்பாட்டிட்டாங்க. வேற ஒண்ணும் செய்யல. பேசவும் இல்ல. மத்தியானம் வரைக்கும் சும்மா நிக்க வச்சாங்க. எல்லாரும் அந்த வழியாத்தான் போவாங்க, வருவாங்க. அன்னைக்கு அம்மா என்னையக் கூட்டிக்கிட்டுப் போயி கானுக்குள்ள எறக்கிக் காட்டுனாங்க. ஜீப்புச் சத்தம் கேட்டா இப்புடி எறங்கு, கூடை இருந்தா மலைப்பக்கம் திருப்பிக்க, போன பொறகு ஏறு. அடிக்கலீங்க. சொல்லித்தான் குடுத்தாங்க."

அப்படி இறங்கி நிற்பதை நான் பார்த்திருக்கிறேன், அதன் மறுபக்கத்திலிருந்து. என் அப்பா வேலை செய்த தோட்டத்தில், டவுனுக்குப் போகும்போது துரை சில நாள் எங்களை ஜீப்பில் ஏற்றிக்கொள்வார். முன் கண்ணாடி வழியாகப் பார்த்தால் ரோட்டோரம் முழுக்கப் பெண்கள் கானுக்குள் இறங்கி நிற்பார்கள். மரங்கள் நிற்கிற மாதிரி அதுவும் ஒரு காட்சி என்றுதான் நினைத்திருந்தேன். ஏன் நிற்கிறார்கள் என்று ஒருநாளும் யாரையும் கேட்டதில்லை.

"நான் அந்த ஜீப்புக்குள்ள இருந்திருக்கேன்க்கா," என்றேன்.

அக்கா திரும்பிப் பார்த்தார். கோபிப்பார் என்று நினைத்தேன். அவர் முகத்தில் அப்படி ஒரு ஆவல்.

"அப்புடியா? உள்ள இருக்கிற சின்னப் பிள்ளைங்க சில நேரம் கையாட்டும். நாங்களும் ஆட்டுவோம். நீங்க ஆட்டுவீங்களா டீச்சர்?"

"ஞாபகமில்லக்கா."

ஆட்டியிருக்க மாட்டேன். என்னை எனக்குத் தெரியும்.

அப்போதுதான் மகள் பேசினாள். அதுவரை நெற்றியைத் தடவிக்கொண்டு சும்மா இருந்தவள்.

"நீங்க வேணும்னா ஒதுங்குங்கம்மா. என்னைய எதுக்கு கானுக்குள்ள எறக்குறீங்க?"

அக்கா மேலே இருந்த கண்ணாடியில் மகளைப் பார்த்தார். நெற்றி சிவந்திருந்தது. நெடுநேரம் பார்த்தார். பிறகு ரிவர்ஸ் போட்டு, பெருவிரலை ஊன்றி, யாருடைய உதவியும் இல்லாமல் வேனைக் கானிலிருந்து ஏற்றினார்.

மூன்றாவது ட்ரயலுக்கு லீவு போட்டுவிட்டுப் போனேன். அக்காவின் புருஷனும் வந்தார், என் தோளைப் பிடித்துக்கொண்டு. ட்ரயல் மைதானத்தின் ஓரத்தில் நின்றால் கீழே ரோட்டு முழுவதும் தெரியும். இரண்டு வளைவு வளைந்து, தேயிலை மலைக்குள் போய்த் திரும்பி வரும். அக்கா செருப்பை வழக்கம்போல ஒதுக்கி வைத்துவிட்டு, பரீட்சகரோடு புறப்பட்டார்.

"கார் எங்க போகுது டீச்சர்?" என்றார் அவர். அவருக்குப் பச்சையும் வெள்ளையுமாகக் கலங்கித்தான் தெரியும்.

"மொத வளைவு திரும்பிட்டாங்க அண்ணே. நல்லாத்தான் போறாங்க."

"இப்ப?"

இப்போது என்ன என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. மலைக்குள்ளிருந்து ஒரு டபள் கெப் இறங்கி, ரோட்டில் ஏறி, அக்காவின் காருக்குப் பின்னால் வந்துகொண்டிருந்தது. ஹார்ன் எங்களுக்கே கேட்டது. அவரும் தலையை நிமிர்த்தினார். என் தோளில் இருந்த பிடி இறுகியது.

"துரை ஜீப்பா?"

"ஆமா அண்ணே."

"எறக்கிட்டாளா?"

"இல்ல. போறாங்க. நேராப் போறாங்க." என் குரல் எனக்கே கீச்சென்று கேட்டது. இரண்டாவது ஹார்ன் அடித்தது. கார் தன் பக்கத்து ரோட்டில், அதே வேகத்தில், அசையாமல் போனது. எனக்குக் கைதட்ட வேண்டும் போல இருந்தது. அந்த நேரம் பார்த்துக் கார் நின்றது.

"என்ன டீச்சர்? ஏன் பேசாம இருக்கீங்க?"

"நிப்பாட்டிட்டாங்க அண்ணே."

"கானுக்குள்ளயா?"

"இல்ல, ரோட்டுலதான். முன்னால கொழுந்துக்காரங்க நிக்கிறாங்க."

பறித்த கொழுந்தை நிறுக்கிற பகல் நிறுவைக்குப் போகிற பெண்கள், ஏழெட்டுப் பேர், தலையில் கொழுந்துச் சாக்கோடு ரோட்டைக் கடக்க வந்தவர்கள். காரையும் ஜீப்பையும் கண்டதும் கானுக்குள் இறங்கி நின்றுவிட்டார்கள். அக்காவின் கை ஜன்னலுக்கு வெளியே நீண்டு, போங்க போங்க என்று ஆடியது. பெண்கள் அசையவில்லை. அவர்களும் கையைக் காட்டினார்கள், நீங்க போங்க என்று. அக்கா மறுபடி காட்டினார். பின்னால் ஹார்ன். சந்தியில் பாண் வண்டிக்கு நின்றதுபோல இதுவும் முடியப் போகிறது, பரீட்சகர் ஃபைலை மூடப் போகிறார் என்று நினைத்தேன்.

கார் நகரவில்லை. அந்தக் கையும் உள்ளே போகவில்லை.

கடைசியில் முன்னால் நின்ற ஒரு பெண் கானிலிருந்து காலை எடுத்து ரோட்டில் வைத்தாள். அவள் பின்னால் இன்னொருத்தி. ஒவ்வொருவராக ஏறி, சாக்கைப் பிடித்துக்கொண்டு, ரோட்டைக் குறுக்காகக் கடந்தார்கள். ஒருத்திக்குச் சாக்கு சரிந்தது. நடு ரோட்டில் நின்று சரிசெய்துகொண்டாள். அவ்வளவு நேரமும் அக்காவின் கார் நின்றது. அதற்குப் பின்னால் துரை ஜீப் நின்றது. ஹார்ன் ஓய்ந்துவிட்டிருந்தது.

எனக்குக் கண் நிறைந்துவிட்டது. இதை எல்லாம் அவருக்குச் சொல்லிக்கொண்டே இருந்தேன், ஒன்றுவிடாமல்.

"ஜீப்பு நின்னுச்சா?" என்றார்.

"நின்னுச்சு அண்ணே."

"பொம்பளைங்க எல்லாரும் போற வரைக்குமா?"

"எல்லாரும் போற வரைக்கும்."

அவர் ரோட்டுப் பக்கமே முகத்தை வைத்துக்கொண்டு நின்றார், தெரிகிற மாதிரி.

கார் வந்து நின்றதும் பரீட்சகர் இறங்கி, பேப்பரில் எழுதி, மாஸ்டர் கையில் கொடுத்துவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டார். மாஸ்டர் படித்துவிட்டுச் சிங்களத்தில் சத்தம் போட்டார். முதல் தடவையாக அது கோபமில்லை.

"நின்னப்ப பரீட்சகர் என்னக்கா கேட்டாரு?" என்றேன்.

"ஏன் இம்புட்டு நேரம் நிக்கிறீங்கன்னாரு. அவுங்க தலையில பாரம் இருக்கு மாத்தயா, நாம உக்காந்துதானே இருக்கோம்னு சொன்னேன்."

"பின்னால ஜீப்பு வந்தது தெரியுமா?"

"தெரியும் டீச்சர். கையெல்லாம் வேர்த்துருச்சு. பின்சீட்டுல எம் மக இருக்குறதா நெனைச்சுக்கிட்டேன்." பிறகு சுற்றிப் பார்த்தார். "என் செருப்ப எங்க வச்சேன்?"

எனக்கு அடுத்த வருஷம் நோட்டன் பிரிட்ஜ் பக்கம் மாற்றம் வந்துவிட்டது. போகும் முன் ஒரு காலை, புதிதாக வாங்கியிருந்த பழைய காரில், ஃபெக்டரி இறக்கத்தில் இறங்கிக்கொண்டிருந்தேன். ஒடுக்கமான இடத்தில் எதிரே அந்த வேன் ஏறி வந்தது. உள்ளே எட்டுப் பிள்ளைகள். என்னைக் கண்டதும் அக்கா நிறுத்திவிட்டார். கண்ணாடியை இறக்கித் தலையை நீட்டினார்.

"நீங்க போங்க டீச்சர்!"

"ஏறி வர்ற வண்டிக்குத்தான் மொத வழி அக்கா. பரீட்சைக்குப் படிச்சீங்கல்ல? நீங்க போங்க!"

நான் இடப்பக்கம் ஒதுக்கினேன், ஒரு சில்லு கான் விளிம்பைத் தொடுகிற அளவுக்கு. அக்கா ஒரு நிமிஷம் யோசித்தார். பிறகு, ஒரு அங்குலம்கூடப் பின்னால் உருளாமல், வேனை எடுத்து என்னைத் தாண்டி ஏறினார். ஜன்னலில் நெருக்கியடித்துக்கொண்டு பிள்ளைகள் எனக்குக் கையாட்டினார்கள்.

நானும் ஆட்டினேன். வேன் வளைவில் மறையும் வரைக்கும் ஆட்டிக்கொண்டே இருந்தேன்.